தேங்காய்க் கூடத்தில் தோத்திரம்

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் சத்தியநேசனைத் தக்கலை ஆபீசில், கையில் ஒரு தாளோடு நிற்கவைத்துவிட்டு வந்தோம். அது அவன் மனைவி செல்லபாய் அவனுக்குச் சொல்லாமல் போட்ட மனு. பள்ளிக்கூடம் விட்ட பிறகு எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் கூட்டிவைத்து எதைப் படிப்பித்தாலும் அனுமதி வாங்க வேண்டும் என்று புது உத்தரவு வந்திருந்தது. செல்லபாயிடம் பதினான்கு பிள்ளைகள். பகலெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு, சாயங்காலம் நாராயணபெருமாளின் தேங்காய்க் கூடத்தில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படிக்கிறவர்கள். மாமனார் மலையாளத்தில் மனு எழுதிக் கொடுக்க, அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாள்.

கல்வி ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் சத்தியநேசன் அதைக் கட்டின் அடியில் செருகியிருக்கலாம். அங்கே ஆறு மாதம் உறங்கியிருக்கும். அவனோ மேலே வைத்தான். ஏன் வைத்தான் என்று வீட்டில் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலரைக்கு, இன்ஸ்பெக்டர் வருகிறார்.

விடியும் முன் செல்லபாய் ஒரு கனவு கண்டாள். பத்மநாபபுரத்துக் கோட்டை மதிலின் மேலே அவளுடைய பிள்ளைகள் வரிசையாகப் போகிறார்கள். மழை. ஆளுக்கொரு சிலேட்டைத் தலைக்கு மேல் பிடித்திருக்கிறார்கள். சிலேட்டில் எழுதியதெல்லாம் கரைந்து, வெள்ளை வெள்ளையாக மதிலின் கறுத்த பாசியில் வடிகிறது. கீழே நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறாள். அவர்கள் சிரிக்கிறார்கள், கை அசைக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். பயமே இல்லாத கனவு. விழித்ததும் எழுந்து வாசல் கதவைத் திறந்தாள்.

வெளியே நிஜமாகவே மழை. இடவப்பாதி மழைக்காலம் பிறந்து பத்து நாள். தென்னை மரங்கள் பாதி உயரத்துக்கு மேல் காணவில்லை. எல்லாம் பால் ஊற்றிக் கழுவினதுபோல் இருந்தது. கோழி கூவுவதுகூடத் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அப்படிப்பட்ட காலையில் எந்தக் கெடுதலும் நடக்காது என்று மனுஷருக்குத் தோன்றும். மழைக்கு அந்த ஏமாற்று உண்டு.

"மக்கா, இஞ்ச வா."

மாமனார் யேசுரத்தினம், மலையாளப் பள்ளிக்கூடத்தின் ஹெட்மாஸ்டர், கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார். பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. பகலில் தானே மலையாளம் படிப்பிக்கும் பிள்ளைகளுக்கு மருமகள் சாயங்காலம் தமிழ் படிப்பிப்பதை அவர் தடுக்கவும் இல்லை, வெளியே பேசவும் இல்லை. மனுவை எழுதிக் கொடுத்ததே அவருக்குப் பெரிய வீரம்.

"இன்ஸ்பெக்டர் கேக்குறதுக்கு மட்டும் பதில் பறயணும். கேக்காததுக்கு வாயத் தொறக்கப்பிடாது. முப்பது வருசத்துல எத்தன பேரைக் கண்டாச்சு. பேச்சுல ஒரு நூலு கெடச்சா, இழுத்து இழுத்து வேட்டியையே உருவீருவாவ."

"அவரு பேசாம நின்னா?"

"நீயும் பேசாம நில்லு. இருமினாருன்னா குடிக்க வெள்ளம் குடு."

"அந்த அஞ்சாவது விதிய இன்னொருக்கச் சொல்லுங்க மாமா."

"மொழி படிப்பிக்கிற எடத்துல மதம் படிப்பிக்கப்பிடாது. அதுதான் எல்லாத்துலயும் கடுப்பம். மத்ததெல்லாம் ஜன்னலு, கதவு. அளந்து பாத்தாச்சு."

ஆமாம், அளந்து பார்த்தாயிற்று. உத்தரவை எழுதின மகராசனுக்கு ஜன்னலின் நீளம் அகலத்தில் அத்தனை அக்கறை. பிள்ளைகள் அங்கே வந்து எழுத்துக் கூட்டப் படித்தார்களா என்று கேட்க அதில் ஒரு வரி கிடையாது. கூடத்தில் முதலில் இருந்த ஜன்னல் ஒன்றே ஒன்று. இரண்டாவதை நாராயணபெருமாள் போன மாதம் தன் கையாலேயே சுவரை உடைத்துத் திறந்துகொடுத்தார்.

அவர் கிறிஸ்தவர் அல்ல, அய்யாவழிக்காரர். நெற்றியில் நாமம், தலையில் பாகை, வாயில் எப்போதும் ஒரு கேலி. சபைக் கோவிலில் வகுப்பு வைத்தால் மதம் என்று எழுதுவார்கள் என்பதால்தான் செல்லபாய் போன வருஷம் அவரிடம் போய்க் கூடத்தைக் கேட்டாள். "வேதம் சொல்லிக் குடுக்கப்பிடாது. அது ஒண்ணுதான். மத்தபடி தேங்காயும் பிள்ளையளும் ஒண்ணுபோல உருண்டுட்டுக் கெடக்கட்டு" என்றார். தன் மகள் பூங்கனியையும், அண்ணன் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரையும் அனுப்பினார். மற்றப் பத்துப் பேரும் சபைப் பிள்ளைகள்.

அந்த வாக்கை அவள் காப்பாற்றினாள். இந்த வாரம் இன்னும் ஒரு படி மேலே போனாள். தேதி பார்க்க மாட்டியிருந்த மிஷன் காலண்டரைச் சுவரிலிருந்து எடுத்தாள். ஓய்வுநாள் பள்ளியின் பழைய பாலபாடத்தை மூட்டை கட்டினாள். தோவாளைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து, சர்க்கார் பட்டியலில் உள்ள பாடப்புத்தகம் நாலு பிரதியை மாமனார் இரவல் வாங்கி வந்தார். வாய்ப்பாடு சொல்லி முடித்ததும் யாராவது ஒருத்தன் பழக்கத்தில் "ஆமென்" என்பான், மொத்த வகுப்பும் சேர்ந்துகொள்ளும். அதை நிறுத்த மூன்று நாள் ஆயிற்று. பிள்ளைகள் பல்லைக் கடித்து நிறுத்தினார்கள்.

எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டதாக அவள் நினைத்தாள்.

தக்கலை ஆபீசில் பகல் ஒருமணிக்கே விளக்கு ஏற்றும் இருட்டு. ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு மூன்று இடத்தில் சட்டி வைத்திருந்தார்கள். மூன்றும் மூன்று சுரத்தில் சொட்டின. சத்தியநேசன் அதைக் கேட்டுக்கொண்டே ஒரே வரியை இரண்டு தடவை எழுதிவிட்டான்.

"இன்னு எங்கோட்டா?" என்றார் இன்ஸ்பெக்டர். திருவனந்தபுரத்துக்காரர். கெட்ட மனுஷர் இல்லை. மதியம் கஞ்சி குடித்துவிட்டு மீதியைத் தானே காக்கைக்கு வைப்பார்.

"பத்மநாபபுரம் சார். கோட்டைக்கு வெளிய. ஒரு தமிழ் வகுப்பு."

"ஆரு நடத்துந்நது?"

சத்தியநேசன் சட்டியைப் பார்த்தான்.

"ஒரு ஸ்திரீ சார்."

பத்து வருஷம் கூடக் குடும்பம் நடத்தியவள். கிழக்கே பாண்டி எல்லையோரம் அஞ்சுகிராமத்திலிருந்து அவனுக்கு வந்த பெண். இந்தப் பக்கத்தார் பாண்டிக்காரி என்று கேலி பேசியபோதெல்லாம் சிரித்துக்கொண்டே அவர்கள் பிள்ளைகளுக்குச் சிலேட்டுத் துடைத்துக் கொடுத்தவள். அவள் ஒரு ஸ்திரீ. ஆண்பிள்ளைகளின் பயத்துக்கு எத்தனை மரியாதையான சொற்கள் கிடைக்கின்றன பாருங்கள்.

நாலரைக்கு மழை சற்றே விட்டது. முழுக்க நிற்கவில்லை. மெலிந்து, வெளிச்சத்தோடு கலந்து, தூசு மாதிரி மிதந்தது. கூடத்துக்குள் பாதி இடத்தில் தேங்காய் கூரை வரை குவிந்திருந்தது. மீதிப் பாதியில் பிள்ளைகள். காயும் கொப்பரையின் இனிப்பான வாசனை. புது ஜன்னல் வழியாக ஒரு சதுர வெளிச்சம் உள்ளே விழுந்து, சரியாகப் பூங்கனியின் மடியில் உட்கார்ந்திருந்தது. அவள் அதைக் கலைக்காமல் அசையாது இருந்தாள்.

செல்லபாய் பலகையின் பக்கத்தில் நின்றாள். காலையிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்தப் பதினான்கு முகங்களும் இப்போது இப்படியே ஒரு படமாக நின்றுபோனால் போதும், அனுமதியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றியது. மறுகணமே வேண்டும் என்று தோன்றியது. அனுமதி இல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து இந்தக் கூடத்தில் தேங்காய் மட்டும்தான் இருக்கும்.

வில்வண்டி வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் குனிந்தார். பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு சத்தியநேசன். அவன் யாரையும் பார்க்கவில்லை.

பதினான்கு பிள்ளைகளும் ஒன்றாக எழுந்தார்கள். பதினான்கு ஜோடிக் கைகள் குவிந்தன.

"தோத்திரம் ஐயா."

ஒரே குரல். சுருதி பிசகாமல், தேங்காய்க் குவியலில் மோதி, கூரையில் ஏறி, மழையோடு கலந்தது. அழகாக இருந்தது. செல்லபாயும் கைகுவித்து அதையே சொல்லியிருந்தாள். தன் பிள்ளைகளின் ஒழுங்கை நினைத்து அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. மூலையில் நின்ற மாமனாரின் முகத்தைப் பார்த்தபோதுதான் நிறைந்த இடம் காலியாயிற்று.

காலண்டரை எடுத்தாள். புத்தகத்தை எடுத்தாள். ஆமெனை எடுத்தாள். வாசலில் ஒரு ஆள் வந்தால் வாயிலிருந்து தானாக வரும் அந்தச் சொல்லை அவள் ஒரு சொல்லாகவே எண்ணியதில்லை. ஆண்டவருக்குத் தோத்திரம் என்பதன் மிச்சமான அந்த வந்தனம் மிஷன் வீடுகளில் பிறந்தவர்களுக்கு மூச்சு விடுவதோடு சேர்ந்தது. மதத்தை வெளியே தள்ள மூன்று நாள் பாடுபட்டவள், அதை வாயிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றாள்.

இன்ஸ்பெக்டர் குடையைச் சுவரில் சாய்த்தார். ஜன்னல்களைப் பார்த்தார், கொள்ளாம் என்று திருப்தியாகத் தலையசைத்தார். அவளுடைய ஏழாம் வகுப்பு சர்டிபிகேட்டைப் பார்த்தார், கொள்ளாம் என்றார். புத்தகத்தைப் புரட்டினார். நாலு பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார். நன்றாகவே வாசித்தார்கள். பிறகு பூங்கனியின் முன்னால் வந்து நின்றார். அவள் நெற்றியில் சின்ன நாமம் இருந்தது.

"நீ கிறிஸ்தியானியோ?"

"இல்ல. அய்யாவழி."

"பின்னெ எந்தினா எனிக்குத் தோத்திரம் சொன்னது?"

"நீங்க வந்தீங்கள்லா."

யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. இன்ஸ்பெக்டரும் சிரிக்கப் பார்த்தார். மீசை இடம் கொடுத்தது, உத்தியோகம் கொடுக்கவில்லை.

"எல்லாருக்கும் இதுதான் சொல்லுமோ?"

"பள்ளிக்கூடத்துல நமஸ்காரம் சார். தாங்கல்ல கும்பிடப் போனா அய்யா உண்டு. இஞ்ச தோத்திரம்." அது என்ன கேள்வி என்பதுபோல் அவள் பார்த்தாள்.

அவர் நாமம் இட்ட மற்ற மூன்று பேரையும் கண்ணால் எண்ணிவிட்டு அடுத்த பிள்ளைக்கு நகர்ந்தார். அது ஜெபகுமாரி, எட்டு வயது.

"அச்சன்ற பேரு?"

"சத்தியநேசன்."

"எந்து ஜோலி?"

"ஒங்களுக்குப் பொறத்தால நிக்காவ."

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். சத்தியநேசன் நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

"ஒரு ஸ்திரீ," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா சார்."

"எழுது. நான் சொல்லுந்நது ஒரு அட்சரம் மாறாதெ எழுது. திங்கள் நான் ஒவ்வொரு வரியும் நோக்கும்."

அவர் இங்கிலீஷில் சொன்னார், அவன் எழுதினான். காற்றோட்டம் உண்டு. ஆசிரியைக்குத் தகுதி உண்டு. பிள்ளைகள் வாசிக்கிறார்கள். பிற மதப் பிள்ளைகள் நாலு பேருக்குக் கிறிஸ்தவ வந்தனம் பழக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஐந்தாம் விதி. அவன் பேனா நிற்கவே இல்லை. செல்லபாய் அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேதம் ஒண்ணும் படிப்பிக்கல சார்," என்றாள். கேட்காததற்குப் பேசாதே என்று மாமனார் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. இருந்தும் பேசினாள். "பழக்கத்துல வந்த வார்த்தை. வீட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்ற மாதிரி."

"எனிக்கு மனசிலாயி. பக்ஷே, நான் கேட்டது எழுதணும் அல்லோ." அவர் குடையை விரித்தார். "திங்கள் பகல் பதினொண்ணுக்கு நான் கையெழுத்திடும். அதுக்கு முன்பு அந்த நாலு பிள்ளைகளுடெ வீட்டுக்காரர், விரோதமில்லைன்னு எழுதிய மனு ஆபீசில் குடுத்தா, நான் வாசிச்சு நோக்கும். இல்லெங்கில் பூட்டணும்."

வண்டி போயிற்று. சத்தியநேசனும் அதோடு முக்குவரை போனான். பிள்ளைகள் என்ன ஆயிற்று என்று தெரியாமல், ஆனால் ஏதோ ஆயிற்று என்று தெரிந்து, மெல்ல மெல்ல மழைக்குள் கரைந்து வீடுகளுக்குப் போனார்கள். பூங்கனியும் ஜெபகுமாரியும் மட்டும் தேங்காய் மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

"முப்பது வருசம்," என்று யேசுரத்தினம் சொன்னார். "தெனம் காலைல சபைப் பிள்ளையள் எனக்குத் தோத்திரம் சொல்லும். எனக்கே காதுல விழல்ல மக்கா. நான் என்னத்த ஒனக்குச் சொல்லித்தந்தேன்?"

அவள் பலகையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த பலகை.

நாராயணபெருமாள் வந்தபோது மஞ்சள் வெயில் ஒன்று எங்கிருந்தோ வந்து கூடத்தின் மண் தரையில் படுத்திருந்தது. சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார். பாகை நனைந்து காது வரை இறங்கியிருந்தது.

"வில்வண்டிக்காரன் வழியிலயே நிறுத்திச் சொல்லிட்டான் டீச்சரே. எனக்க கூடத்துல எனக்க மகள் தோத்திரம் பறஞ்சாளாமே."

செல்லபாய் அவரை நேராகப் பார்த்தாள். "சொன்னா. நானும் சொன்னேன். உங்களுக்குக் குடுத்த வாக்க நான் தப்பணும்னு தப்பல. ஆனா தப்பிருச்சு. கூடத்தக் காலி பண்ணச் சொன்னா பண்ணிருவேன்."

அவர் ஒரு தேங்காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். திரும்ப வைத்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு ஆரு ஒமக்குப் பறஞ்சா? ஒரு வருசமா இந்தச் சொவருக்கு அந்தால நின்னுதான் மட்டை உரிக்கேன். தெனம் சாயங்காலம் பதினாலு தோத்திரம் கேக்குது. அதுல எனக்க மகளுக்க ஒச்ச எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தப் பறய? ஒருத்தர் வந்தா ஒரு வாக்கு சொல்லணும். சொன்னா. வேதம் படிப்பிச்சிருந்தீருன்னா அண்ணைக்கே மட்டையால அடிச்சுக் கலைச்சிருப்பேன்." அவர் யேசுரத்தினத்தின் பக்கம் திரும்பினார். கண்ணில் அந்தக் கேலி வந்துவிட்டது. "ஆனா எட்மாஸ்டரே, ஒண்ணு கேக்கேன். எனக்க பிள்ளை உம்ம வாக்கச் சொல்லிச்சு. உம்ம பிள்ளையள் எனக்க வாக்கச் சொல்லுமா?"

யேசுரத்தினம் சபையில் கமிட்டிக்காரர். தொண்டையைச் சரிசெய்தார். பதில் தேங்காய்க் குவியலின் மேலிருந்து வந்தது.

"நாங்க சொல்லீட்டுத்தான தாத்தா இருக்கோம்," என்றாள் ஜெபகுமாரி. "பூங்கனி வீட்டுக்குப் போனா அய்யா உண்டுன்னுதான் சொல்லணும். சொன்னாத்தான் அவ அம்மா அவல் தருவாவ."

யேசுரத்தினத்துக்கு இருமல் வந்தது. இன்ஸ்பெக்டருக்கு வைத்திருந்த வெள்ளத்தைச் செல்லபாய் அவருக்குக் கொடுத்தாள்.

நாராயணபெருமாள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சாக்கில் உட்கார்ந்தார்.

"மனு எழுதும் டீச்சரே. தமிழ்ல எழுதணும்."

"மலையாளத்துல எழுதினா நல்லது," என்றார் யேசுரத்தினம். "ஆபீஸ் காரியம். நான் எழுதித் தாறேன்."

"வேண்டாம். எனக்கு ரெண்டும் வாசிக்கத் தெரியாது. வாசிச்சுத் தாறவன் வாய நம்பி, ஒருக்க விரல் வச்சு நான் பட்டது போரும். எனக்க மகள் இஞ்ச படிச்ச எழுத்துல எழுதணும். அவ வாசிச்சுக் கேட்டப்பொறந்தான் வெரலு."

செல்லபாய் எழுதினாள். அவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் கூட்டாமல். பதினோரு வரி வந்தது. பூங்கனி இறங்கி வந்து தாளை வாங்கினாள். வெளிச்சம் இருந்த இடத்தைத் தேடி நகர்ந்து நின்றுகொண்டாள்.

"கல்வி இன்ஸ்பெக்டர் அவர்கள் சமுகத்துக்கு. நாராயணபெருமாள் எழுதிக்கொண்டது. என் மகள் பூங்கனியும், என் பொறுப்பில் வளரும் என் அண்ணன் பிள்ளைகள் மூவரும், என் கூடத்தில், எனக்குத் தெரிந்தே படிக்கிறார்கள். அவர்கள் சொல்லும் வந்தனத்தை நான் ஒரு வருஷமாகக் காதால் கேட்டு வருகிறேன். அதனால் அவர்கள் வழி மாறிப் போகவில்லை..."

நாராயணபெருமாள் கண்ணை மூடியிருந்தார். மழை மறுபடி ஓலையில் பஞ்சு போல இறங்கியது. பிள்ளையின் குரல் ஒவ்வொரு சொல்லையும் கைபிடித்து நடத்திக்கொண்டு போவதுபோல் போயிற்று. சில இடங்களில் நின்றது, மூச்செடுத்தது, மறுபடி போயிற்று. முடிந்ததும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"உனக்க பேரு வந்த எடத்த இன்னொருக்க வாசி."

வாசித்தாள். அவர் பெருவிரலை நீட்டினார். யேசுரத்தினம் தன் பேனாவிலிருந்து மை தடவினார்.

"இத ஆபீசுல வாங்கமாட்டாவ."

வாசலில் சத்தியநேசன் நின்றான். எப்போது திரும்பி வந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. குடை கையில் இருந்தும் நனைந்திருந்தான்.

"ஏன் வாங்கமாட்டாவ?" என்றார் நாராயணபெருமாள்.

"தமிழ் மனு எங்க ஆபீசுல வாங்கி நான் கண்டதில்ல."

"வாங்கப்பிடாதுன்னு விதி உண்டா?"

சத்தியநேசன் யோசித்தான். நேர்மையாகவே யோசித்தான். "விதி இல்ல. வழக்கம் இல்ல."

"பின்ன என்னதான் விதி?"

"வாங்குற குமாஸ்தா முழுசும் வாசிக்கணும். வாசிச்சு, விசயம் என்னன்னு தாளுக்குப் பொறத்த ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போடணும். வாசிக்காம ஒரு தாளும் உள்ள போகப்பிடாது."

"குமாஸ்தா ஆரு?"

"நான்தான்."

"அப்ப வாசியும்."

நாராயணபெருமாள் தாளை நீட்டினார். சத்தியநேசன் வாங்கினான். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பேசுவான், சண்டை போடுவான், கனவில் உளறுவதும் தமிழில்தான். எழுத்து மட்டும் தெரியாது. சர்க்கார் உத்தியோகம் கிடைக்கட்டும் என்று யேசுரத்தினம் அவனை முதலிலிருந்தே மலையாளத்தில் விட்டார். உத்தியோகம் கிடைத்தது. சபையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு மனப்பாடத்தில் பாடுவான். பக்கம் புரட்டுவதற்கு அடுத்த ஆளைப் பார்ப்பான். ஊரில் யாருக்கும் தெரியாது.

செல்லபாய்க்குத் தெரிந்த விதம் வேறே. தலைப்பிரசவத்துக்கு அஞ்சுகிராமம் போனவள் அவனுக்கு முதல் கடிதம் எழுதினாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பெண் புருஷனுக்கு எழுதும் கடிதம். அதை அவனுக்கு வாசித்துக் காட்டியவர் யேசுரத்தினம். சில வரிகளில் தொண்டையைச் செருமிக்கொண்டு தாண்டிப் போனாராம். பிள்ளையோடு திரும்பி வந்தபிறகு அவளுக்கு இது தெரிந்தது. அதற்கப்புறம் பிறந்த வீட்டுக்குப் போனால் மழை பெய்ததையும் பசு கன்று போட்டதையும் மட்டும் எழுதினாள். ஒரு மனுஷியின் பத்து வருஷப் பேச்சை ஒரு பள்ளிக்கூடத்து அட்டவணை தின்றுவிட்டது. ஜெபகுமாரிக்கும் இதுதான் வரும் என்று தெரிந்த நாளில்தான் அவள் நாராயணபெருமாளிடம் போய்க் கூடத்தைக் கேட்டாள்.

இப்போது அவள் அவனுக்கு உதவிக்கு வரவில்லை. கை கட்டி நின்றாள். அவள் வாசித்துக் காட்டியிருந்தால் வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

"அப்பன் வாசிச்சுத் தரட்டா மக்கா?" என்று யேசுரத்தினம் மெல்லக் கேட்டார். அன்று கடிதம் வாசித்த அதே குரல்.

சத்தியநேசன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். இன்று பகலிலிருந்து முதல் தடவையாகப் பார்த்தான். அவள் கண்ணில் கோபம் இருந்தது. அதை எதிர்பார்த்துத்தான் பார்த்தான். அதற்குப் பின்னால் ஒரு காத்திருப்பும் இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தான்.

"வேண்டாம்ப்பா," என்றான். "குமாஸ்தா வாசிக்கணும்னுதான் விதி. வேற ஆளு வாசிச்சுக் கேட்டா போரும்னு இல்ல."

கோட்டைக் கழற்றி மட்டை உரிக்கும் பாரைக்கோலில் மாட்டினான். சாக்கில் உட்கார்ந்தான்.

"ஏட்டி பூங்கனி, இஞ்ச வா. மொதல்லருந்து வாசி. பைய வாசி. வெரல வச்சு வாசி."

"ஒங்களுக்கா?" என்றாள் பூங்கனி.

"எனக்குத்தான்."

ஜெபகுமாரி தேங்காய் மேலிருந்து சறுக்கிக்கொண்டு வந்து அப்பாவின் மறுபக்கம் உட்கார்ந்தாள். அவள் கேலி செய்வாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் தன் சிலேட்டை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

மேகம் தாழ்ந்து கூடம் இருண்டது. செல்லபாய் விளக்கை ஏற்றி, தாளுக்கு அருகே, அவன் பக்கமாகத் தள்ளி வைத்தாள். பூங்கனியின் விரல் முதல் எழுத்தின் கீழே நின்றது. அவனுடைய விரல், மை படிந்த குமாஸ்தா விரல், அதன் பின்னால் வந்து நின்றது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு இன்னும் இரண்டு பகல் பாக்கி. தாளில் பதினோரு வரி. மழை வலுத்து, வெளியே கோட்டை மதிலும் தென்னையும் பாதையும் இல்லாமல் போனபோது, அவனுக்கு முதல் வரியில் நாலு எழுத்துப் பிடிபட்டிருந்தது.